கேளாத பக்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

உட்துறைமுக வீதியிலும் திருக்கடலூர் வாடிகளிலும், உவர்மலை விறாந்தைகளிலும் சீனக்குடாத் தொழிலாளர் அறைகளிலும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து மரநிழல்களிலும் முந்நூற்று நாலு ஆடுகிற ஐயாமாருக்கும் நானாமாருக்கும், அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும்,



வாடைக்காற்று பிடித்து வள்ளங்கள் கரையேறுகிற காலம் வந்துவிட்டது. கடலுக்குப் போக முடியாத நாளில் 32 தாளுக்குத்தான் வேலை. செத்தவீட்டு இரவுகளுக்கு மாதக் கணக்கில்லை. அங்கே விடியும்வரை கண் மூடாமல் இருக்கத் தேத்தண்ணியும் சீட்டும் தவிர வேறு துணையும் இல்லை. இந்த மடல் அந்த மேசைகள், பாய்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. சொல்ல வந்தது இதுதான்: எங்களுக்குக் கேட்கத் தெரியும், தடுக்கத் தெரியாது. யார் கேட்டாலும் நாலு பேரில் இரண்டு பேர் கேளாத பக்கம். அப்படியென்றால் எங்கள் சீட்டு வாழ்க்கையில் பாதி தடுக்கிற வாழ்க்கை. அந்தப் பாதியை நாங்கள் கொட்டாவி விட்டுக் கழிக்கிறோம். துரும்பு மற்றவன் கையில் என்றதும் கையில் வந்த தாளை எறிந்துகொண்டு, அடுத்த பகிர்வுக்குக் காத்திருக்கிறோம்.

வெளியூர் வாசகர் யாராவது எட்டிப் பார்த்தால் அவருக்காக நாலு வரி. ஆறும் அதற்குக் கீழும் உள்ள தாள்களை ஒதுக்கிவிட்டு ஆடுகிற ஆட்டம் இது. எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறும் தாள். பலமும் இதே வரிசைதான். ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. முதல் நாலு தாள் கைக்கு வந்ததும் கேள்வி தொடங்கும். ஆகக் குறைந்தது 160. கூடக் கேட்டவர் ஒரு தாளைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனமே துரும்பு. என்ன இனம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பிறகு மிச்ச நாலு தாள் வரும். (இனம் என்று இந்த மடலில் எழுதுவதெல்லாம் சீட்டின் இனத்தைத்தான். எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லிவைப்பது நல்லது.)

முதலில் கேள்வியின் விலையைப் பார்ப்போம். வழமையான கணக்கில் 160 இலிருந்து 190 வரை வென்றால் கணக்குக்கு வைக்கிற கல் ஒன்று வரும், தோற்றால் இரண்டு போகும். 200 கேட்டால் இரண்டும் மூன்றும், 250 கேட்டால் மூன்றும் நாலும். மேசைக்கு மேசை இது கொஞ்சம் மாறலாம். தோல்வி எப்போதும் வெற்றியை விட விலை கூடியது என்பது மட்டும் எங்கும் மாறாது. ஆகவே 160 கேட்பவர் மூன்றில் இரண்டு தடவை எடுத்தால்தான் கையைக் கடிக்காது. 200 இல் அது 100க்கு 60 தடவையாகவும், 250 இல் 57 தடவையாகவும் குறைகிறது. மேலே போகப் போகத் தேவையான வாய்ப்பு குறைகிறதே என்று சந்தோசப்படாதீர்கள். எடுக்க வேண்டிய புள்ளி அதைவிட வேகமாக ஏறுகிறது.

160 கேட்டு 230 எடுத்தால் என்ன கிடைக்கும்? அதே ஒரு கல். இந்த இடத்தில் எங்கள் ஆட்டம் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹரோல்ட் வாண்டர்பில்ட், 1925 இல் பனாமாக் கால்வாய் வழியாகப் போன ‘ஃபின்லாந்து’ என்ற கப்பலில் இருந்தபடி இன்றைய பிரிட்ஜின் புள்ளிமுறையைப் பரீட்சித்துப் பார்த்தார். அதற்கு முந்திய ஆட்டத்தில் எடுத்த பிடியெல்லாம் ஆட்டத்தை வெல்லும் கணக்கில் சேர்ந்தது. அவருடைய முறையில் முன்கூட்டிக் கேட்டது மட்டுமே அந்தக் கணக்கில் சேரும். அதோடு கேள்வியே பாதி ஆட்டமாகிவிட்டது. பிரிட்ஜ்காரர் கூடக் கேட்டால் கூடப் பரிசு உண்டு. ஆனால் எங்கள் மேசையில் 160 க்கும் 190 க்கும் பரிசு ஒன்றுதான். எதிர்த்துக் கேட்க ஆளில்லாதபோது 180 என்று முழங்குகிறவர், பரிசில் ஒரு தூசிகூடக் கூடாமல் தன் தலையில் 20 புள்ளி ஏற்றிக்கொள்கிறார். மீசை முறுக்குவதற்கு மலிவான வழிகள் எத்தனையோ இருக்கின்றன.

ஆனால் நேரே 190 இல் தொடங்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. 190 க்கு மேல் கேட்க வேண்டுமென்றால் எதிராளி 200 க்குத்தான் போக வேண்டும். அங்கே விலையும் மாறுகிறது. நாலு தாளை மட்டும் பார்த்துவிட்டு 200 கேட்க எவருக்கும் வயிறு கலங்கும். உங்கள் கையில் ஓர் இனத்தின் ஜாக், ஒன்பது, ஆசு மூன்றும் இருக்கிறது, மற்ற இனங்களில் எதுவும் இல்லை என்று வையுங்கள். அந்த இனங்களின் ஜாக்குகள் பெரும்பாலும் மற்றவர்களிடம்தான். 160 இல் தொடங்கினால் அவர்கள் 170, 180 என்று ஏறி ஏறித் தங்கள் கையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். 190 என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பிரிட்ஜில் ஓரினம் நீளமான, மற்றபடி பலமில்லாத கையோடு உயரத்தில் தொடங்கி எதிராளியின் பேச்சை வெட்டுவது பழைய தந்திரம். எங்கள் ஆட்டத்திலும் அதற்கு இடமுண்டு. இதைப் பலமான கைக்குச் செய்யாதீர்கள். பலமான கைக்கு 160 போதும், எதிராளி ஏறினால் ஏறட்டும்.

இப்போது போட்டிக் கேள்விக்கு வருவோம். எதிராளி 160 கேட்டுவிட்டார். உங்கள் கை சுமாராக இருக்கிறது. 170 போடலாமா? எங்கள் ஆள்கள் தங்கள் கையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்கிறார்கள். பதில் இரண்டு கைகளில் இருக்கிறது. அவர்கள் 160 ஐ எடுக்க 100க்கு எத்தனை வாய்ப்பு, நாங்கள் 170 ஐ எடுக்க 100க்கு எத்தனை வாய்ப்பு, இரண்டையும் மனத்தில் கூட்டுங்கள். 133 ஐத் தாண்டினால் கேளுங்கள். தாண்டாவிட்டால் விடுங்கள்.

எங்கிருந்து வந்தது இந்த 133 என்று கேட்பீர்கள். அவர்களுக்கு 80 என்று வைப்போம். அவர்களை விட்டால் 100 ஆட்டத்தில் 80 கல் எங்களிடமிருந்து போகும், 40 கல் வரும், நட்டம் 40. நாங்கள் 170 கேட்டு எங்களுக்கு 55 தான் வாய்ப்பு என்றால் 55 வரும், 90 போகும், நட்டம் 35. அதாவது தோற்கிற கேள்விதான், ஆனால் சும்மா இருப்பதை விட ஐந்து கல் இலாபம். மூன்றில் இரண்டு வாய்ப்பு இருந்தால்தான் வாய் திறப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர் இந்த இடத்தில் கல்லைக் கொட்டுகிறார். இதைத் திருப்பிப் பாருங்கள். எதிராளி சூடேறிக் கேட்டுவிட்டார், அவருக்கு வாய்ப்பு 50 தான் என்று உங்களுக்குத் தெரிகிறது. விட்டால் உங்களுக்கு 50 கல் இலாபம். அதைக் கைவிட்டு நீங்கள் மேலேறுவதற்கு 83 க்கு மேல் வாய்ப்பு வேண்டும். தடுமாறி நிற்கிறவனை மேலேறிக் காப்பாற்றிவிடும் சோடிகள் எங்கள் ஊரில் ஏராளம். பிரிட்ஜில் இப்படி ஒருவன் அகப்பட்டால் ‘டபுள்’ சொல்லித் தண்டனையைப் பெருக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் ‘பாஸ்’ சொல்வதுதான் எங்கள் டபுள்.

இரு பக்கத்தையும் கூட்டிப் பார்க்கிற இந்த எண்ணம் பிரிட்ஜில் பெயர்பெற்றது. பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வேர்ன் என்பவர், இரு சோடிகளும் தத்தம் நீளமான இனத்தில் வைத்திருக்கும் தாள்களைக் கூட்டினால், இரு சோடிகளும் தத்தம் துரும்பில் எடுக்கக்கூடிய மொத்தப் பிடிகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் என்று காட்டினார். 1992 இல் லாரி கோஹன் எழுதிய நூல் அதை உலகமெங்கும் பரப்பியது. எங்கள் ஆட்டத்தில் பிடியை விடப் புள்ளி பெரிது, தாளும் எட்டுத்தான். அந்த விதியை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. மற்றவன் கையையும் கூட்டிக்கொண்டு கேள் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு எண்ணையும் கேட்கும்போதே நினைவில் வையுங்கள். நாலு தாள் உங்கள் கையில், மிச்சம் 28. அதில் நாலு உங்களுக்கு, எட்டு உங்கள் பாட்னருக்கு, 16 எதிராளிகளுக்கு. துரும்பு ஜாக்கை வைத்துக்கொண்டு ஒன்பதை எதிர்பார்த்துக் கேட்பவர், அந்த ஒன்பது 100க்கு 57 தடவை எதிர்ப்பக்கம் கிடக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அடுத்த நாலு தாளில் அது உங்கள் கைக்கே வருவது ஏழில் ஒரு தடவைதான். “வரும், வரும்” என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கேள்வி இத்தோடு போதும். இனித் தடுப்பு. நான் பேச வந்ததே அதைத்தான்.

தடுப்பவருக்கு முதலில் வேண்டியது தன் இலக்கு என்ன என்ற தெளிவு. 160 ஐ விழுத்த 145 வேண்டும், 200 ஐ விழுத்த 105, 250 ஐ விழுத்த 55. கேட்டவர் தன் எண்ணைச் சொல்லிச் சொல்லி எண்ணுகிறார். தடுக்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் எண்ணைத் தாங்களே எண்ணுகிறார்கள்? இந்த எண்கள் ஆட்டத்தையே மாற்றும். 250 கேட்டவருக்கு எதிராக ஒரேயொரு கொழுத்த பிடி கிடைத்தது, அதில் ஜாக், ஆசு, பத்து, ராசா விழுந்தது என்று வையுங்கள். 54! ஒன்று குறைவு. ராசாவுக்குப் பதில் ஒன்பது விழுந்திருந்தால் 71. அவர் கதை முடிந்தது. 160 கேட்டவருக்கு எதிராக இரண்டு இனங்களின் முதல் நாலு தாள்களையும் இரண்டே பிடியில் அள்ளினாலும் 142 தான். இன்னும் ஒரு ராசா வேண்டும். எட்டுப் பிடிக்கு 304 என்றால் சராசரி ஒரு பிடிக்கு 38. அதைவிட மெலிந்த பிடி விழும்போது அடித்துப் பிடிக்காமல், கொழுத்ததற்காகக் காத்திருக்கத் தெரிந்தவர் தடுப்பில் பாதி தேறிவிட்டார்.

அடுத்தது, கவிழ்ந்து கிடக்கும் துரும்பு என்ன என்று கண்டுபிடிப்பது. “அது அவனுக்குத்தானே தெரியும்” என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். உங்கள் கையில் ஸ்பேட் ஜாக்கும் ஆட்டின் ஜாக்கும் இருக்கிறது. ஜாக் இல்லாத இனத்தை வைத்துத் தெளிந்த ஆள் எவரும் துரும்பு வைப்பதில்லை. ஆகவே டைமன் அல்லது கிளாவர். கிளாவரில் உங்களிடம் மூன்று தாள் இருந்தால் டைமன் பக்கம் சாயுங்கள். பாட்னர் முதல் சுற்றில் 160 கேட்டுப் பிறகு விட்டுக்கொடுத்திருந்தால் அவரிடம் ஒரு ஜாக் இருக்கிறது. அது எந்த இனம் என்று அவர் இறக்கும் முதல் தாள் பெரும்பாலும் சொல்லிவிடும். அதையும் கழித்தால் துரும்பு கண்ணுக்கு முன்னால் நிற்கும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பிரிட்ஜ்காரர் ஒவ்வொரு கையிலும் இதைத்தான் செய்கிறார்: யார் கேட்டார், யார் கேட்காமல் விட்டார், ஏன் விட்டார்.

இன்னொரு விசயம், இதை எங்கள் மேசைகளில் எவரும் பேசி நான் கேட்டதில்லை. துரும்பு மூடியிருக்கும்போது, இறக்கிய இனம் உங்களிடம் இல்லாவிட்டால் தாளைக் கவிழ்த்துப் போடுகிறீர்கள். கேட்டவர் அதை எடுத்துப் பார்க்கிறார். துரும்பென்றால் திறக்கிறார், இல்லாவிட்டால் பேசாமல் ஒதுக்குகிறார். அவர் பேசாமல் ஒதுக்கிய அந்தக் கணத்தில் உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது: நீங்கள் போட்ட இனம் துரும்பில்லை. என்ன போட்டீர்கள் என்பது உங்களுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். உங்கள் பாட்னருக்குக்கூடத் தெரியாது. ஆகவே சந்தேகப்படும் இனத்தில் ஓர் ஏழையோ எட்டையோ போட்டுப் பாருங்கள். துரும்பாக இருந்தால் வெறும் தாளால் வெட்டி ஒரு பிடி. இல்லாவிட்டால் ஒரு புள்ளியும் இழக்காமல் ஒரு துப்பு. அந்த இடத்தில் பத்தைப் போட்டுச் சோதிப்பவர் துப்புக்குப் பத்துப் புள்ளி கட்டுகிறார்.

பிறகு எங்கள் மேசைகளின் ஓயாத சண்டை. பாட்னர் ஜாக்கை இறக்குகிறார். உங்களிடம் அதே இனத்தின் ஒன்பதும் ஒரு சின்னத் தாளும். ஒன்பதைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? “ஜாக் போனால் ஒன்பதுதான் பெரிசு, அதை வை” என்பது பெரியவர்களின் பாடம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். இனத்தில் எட்டுத் தாள். உங்களிடம் இரண்டு, பாட்னரிடம் ஜாக், மிச்சம் ஐந்து தாள் மூன்று கைகளில் சிதறிக் கிடக்கிறது. எதிராளிகளில் ஒருவராவது அந்த இனத்தில் ஒரு தாளுக்கு மேல் வைத்திராத வாய்ப்பு நாலில் மூன்று. அதாவது இரண்டாம் சுற்றில் உங்கள் ஒன்பது இறங்கும்போது, வெட்டத் துரும்புள்ள ஒருவன் காத்திருக்கிற அபாயம் நீங்கள் நினைப்பதை விட மிகப் பெரியது. கேட்டவரிடம் துரும்பு மலிந்து கிடக்கும்போது ஒன்பதை வைத்திருப்பது 20 புள்ளியை அவருக்குச் சுற்றிக் கொடுப்பது. துரும்பு வெளிப்பட்டு, பாதிக்கு மேல் இறங்கிவிட்ட பிறகு வைத்திருங்கள். அதற்கு முன் பாட்னரின் ஜாக்கின் கீழே ஒன்பதை மனம் நோகாமல் இறக்குங்கள். சின்னத் தாளுக்குப் பதில் உங்களிடம் ஆசு இருந்தால் கணக்கு வேறு: 11 ஐக் கொடுத்து 20 ஐ வைப்பதில் வித்தியாசம் ஒன்பது புள்ளிதான், துணிந்து பார்க்கலாம்.

ஜாக்கை எப்போது இறக்குவது என்பதிலும் இதே குழப்பம். ஜாக்கும் இன்னொரு தாளும் உள்ளவர் முதல் பிடியிலேயே ஜாக்கை இறக்கினால், எதிராளிகளில் ஒருவர் அந்த இனத்தில் வெறுங்கையாக இருக்கும் வாய்ப்பு 100க்கு 12 தான். பொறுக்கப் பொறுக்க அது ஏறும். ஆனால் முதலிலேயே இறக்கினால் எதிராளி ஏழையும் எட்டையும் தள்ளிவிட்டு ஆசையும் பத்தையும் பத்திரப்படுத்துவார். 30 வரும், அதற்கு மேல் அதிகம் வராது. அவர்களே அந்த இனத்தை இறக்கும்வரை பொறுத்தால் அவர்களின் ஒன்பதையும் சேர்த்து விழுங்கலாம். இதற்கு ஒரே விடை கிடையாது. 250 க்கு எதிராக என்றால் நான் பொறுப்பேன், ஏனென்றால் எனக்கு வேண்டியது ஒரு கொழுத்த பிடி. 160 க்கு எதிராக என்றால் உடனே இறக்குவேன், ஏனென்றால் எனக்குப் பல பிடி வேண்டும். ஒன்று வெட்டுப்பட்டாலும் 145 எட்டாது.

இந்த இடத்தில், தோற்ற பிறகு நடக்கிற சண்டைகளைப் பற்றி. “நீ அந்த ஒன்பதைக் கொடுத்ததால்தான் போச்சு!” கொடுத்தது சரியான முடிவாகவே இருக்கலாம்; அன்றைக்கு அந்த ஒரு கை மட்டும் நாலில் ஒன்றாக விழுந்திருக்கும். எங்கள் துறைமுகமே இதைப் பார்த்திருக்கிறது, சீட்டோடு சேர்த்துச் சொல்வதற்குப் பெரிய விசயம்தான் என்றாலும். 1942 ஏப்ரல் 5 இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கின. அங்கே நின்ற ‘ரெனடோஸ்’, ‘ஹெக்டர்’ இரண்டும் மூழ்கின. அடுத்தது திருகோணமலை என்று தகவல் வந்ததும் 8 ஆம் திகதி இரவே இங்கே நின்ற பெரும்பாலான கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். 9 ஆம் திகதி காலை குண்டு விழுந்தது. வெளியே போன ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் எதிரியின் கண்ணில் பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டார்கள். கொழும்பில் நடந்ததைப் பார்த்தவர் எவரும் அந்த இரவில் கப்பல்களைத் துறைமுகத்துக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார். விளைவை வைத்து முடிவை அளக்கத் தொடங்கினால் நாளைக்கு எவரும் சரியான முடிவை எடுக்கத் துணியமாட்டார்கள். பாட்னரைத் திட்டுவதற்கு முன், அவர் தாளைப் போட்ட கணத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

பிரித்தானிய எழுத்தாளர் எஸ். ஜே. சைமன் 1945 இல் ‘வை யூ லூஸ் அட் பிரிட்ஜ்’ என்ற புத்தகத்தை எழுதினார். பிரிட்ஜில் ஏன் தோற்கிறோம் என்று சொல்லும் அந்தப் புத்தகம் சீட்டை விட ஆள்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. உலகத்தில் சிறந்த முடிவைத் தேடாதே, இந்தப் பாட்னரோடு எட்டக்கூடிய சிறந்த முடிவைத் தேடு என்பது அதன் சாரம். செத்தவீட்டில் எதிரே வந்து இருக்கிறவர் உங்கள் பெரியப்பா. கண்ணாடியை மறந்து வந்திருக்கிறார், ராணியும் ராசாவும் அவருக்கு ஒன்றுதான். அவரோடு சேர்ந்து 250 க்குப் போவதும், நுணுக்கமான தடுப்புக்குத் திட்டம் போடுவதும் உங்கள் பிழை. அவருக்கு விளங்குகிற ஆட்டத்தை ஆடுங்கள்.

சைகைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமுவது, காதைச் சொறிவது, தாளை மெல்லவா ஓங்கியா போடுவது என்பதெல்லாம் எங்கள் மேசைகளில் தனிப் பாசையாகவே வளர்ந்து நிற்கிறது. சிலர் இதையே திறமை என்கிறார்கள். எனக்கு அது கூச்சமாக இருக்கிறது. பெரிய பிரிட்ஜ் மேசையிலும் இந்த நோய் இருந்தது. 1975 இல் பெர்முடாக் கிண்ணப் போட்டியில் பாட்னரின் முகம் தெரியாதபடி மேசையின் குறுக்கே திரை வைத்தார்கள். அதே போட்டியில் இத்தாலியச் சோடி ஒன்று காலசைவுக்காகக் கண்டிக்கப்பட்டது. முகத்தை மறைத்தால் கால் பேசும். பிரிட்ஜ் கண்ட வழி, தாளாலேயே பேசலாம், ஆனால் அந்தப் பாசை எதிராளிக்கும் தெரிய வேண்டும் என்பது. துரும்பு வெளிப்பட்ட பிறகு வேறு இனத் தாளைக் கழிக்கும்போது, எந்த இனத்தில் முதலில் கழிக்கிறேனோ அதில் எனக்கு ஒன்றுமில்லை என்று ஒரு சோடி முன்கூட்டியே உடன்பட்டு, அதை மேசையில் எல்லோருக்கும் சொல்லிவைக்கட்டும். மறைக்க ஒன்றுமில்லாதபோது செருமல் தானாக நின்றுவிடும்.

சீட்டென்றாலே சூது என்று முகம் சுளிக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடி நேரத்தைக் கழிக்காதீர்கள். 2018 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். 60 வயதான பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரிகைத் துண்டை வெட்டி மேசையில் வைத்தால் போதும். காசு வைத்து ஆடுகிற மேசைகளுக்கு இந்த மடல் இல்லை.

கடைசியாக ஒரு யோசனை. “எங்களுக்குத் தாளே வரவில்லை” என்ற முறைப்பாடு எல்லாப் பாய்களிலும் கேட்கிறது. பிரிட்ஜ் போட்டிகளில் அந்த முறைப்பாட்டுக்கு இடமில்லை. ஒரே பகிர்வை இரண்டு மேசையில் ஆடுகிறார்கள். ஒரு மேசையில் வடக்கு, தெற்காக ஓர் அணியின் சோடி, மற்ற மேசையில் அதே அணியின் மற்றச் சோடி கிழக்கு, மேற்காக. நல்ல தாள் இரு அணிக்கும் ஒரே அளவுதான். மிச்சமிருப்பது கேள்வியும் தடுப்பும் மட்டுமே. இதை 304 க்குச் செய்யத் தடையாக இருப்பது எங்கள் இரண்டு கட்டப் பகிர்வுதான்: முதல் நாலு தாளுக்குப் பிறகு கேள்வி, பிறகு அடுத்த நாலு. அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு கைக்கும் இரண்டு கடித உறை. ஒன்று, இரண்டு என்று எழுதி நாலு நாலு தாளாக. பிடித்த தாள்களை ஒன்றாகக் குவிக்காமல் அவரவர் தன் தாளைத் தன் முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிடியின் புள்ளியையும் ஒருவர் உடனுக்குடன் கொப்பியில் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவரவர் தாள் முதலில் வந்த அதே உறைகளுக்குள் திரும்பிப் போக வேண்டும். இதற்காக முதல் நாலு தாள் எவை என்று உறையின் வெளியே எழுதிவைத்து, ஆட்டம் முடியும்வரை அதைக் குப்புற வைப்பது நல்லது, இல்லாவிட்டால் இரண்டாம் மேசைக்குத் தாள் மாறிப் போகும்.

எட்டுப் பேர், இரண்டு மேசை, 16 பகிர்வு என்றால் ஒரு வாடை நாளின் பின்னேரம் போதும். கிண்ணியாக்காரர் ஓர் அணி, திருக்கடலூர்க்காரர் ஓர் அணி என்று போட்டால் பார்க்க ஆள் சேரும். பார்வையாளர் மேசைக்கு மேசை நடந்து போய் மற்ற மேசையில் என்ன கேட்டார்கள் என்று உளறாமல் பார்த்துக்கொள்ள ஓர் உறுதியான ஆளை நிறுத்த வேண்டும். உவர்மலைப் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார்மார் நிறைய இருக்கிறார்கள். உறையும் கொப்பியும் என் செலவு.

இப்படிக்கு,
உட்துறைமுக வீதியிலிருந்து,
உங்கள் மேசைகளில் கேளாத பக்கத்தில் இருக்க விரும்பும் ஒருவன்